சோளத்தில் பங்கசு நச்சை முன்கூட்டியே அறிவது எப்படி?

கேள்வி (நெடுங்கேணி):
காலபோகச் சோளத்தை முறித்துப் படங்கில் காயவைத்திருந்தபோது இரண்டு நாள் மழை பிடித்ததால், சில பொத்திகளின் நுனியில் பச்சை கலந்த மஞ்சள் பூஞ்சணம் தெரிகிறது. அவற்றை அகற்றிவிட்டேன். எஞ்சியதைக் கோழித் தீனுக்குக் கொடுக்கலாமா? நஞ்சு உள்ளதா என்பதை வீட்டிலேயே கண்டறிய வழியுண்டா?

மறுமொழி (வவுனியா):
அந்த நிறம் பெரும்பாலும் அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்னும் பங்கசுக்குரியது. அது உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது என்பதால், பார்வைக்குச் சுத்தமான மணியையும் நம்ப இயலாது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, தீனில் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கை ஆராய்ந்த பின்னரே இந்நஞ்சு அடையாளம் காணப்பட்டது.

மறுமொழி (கிளிநொச்சி):
புறஊதா விளக்கின் கீழ் உடைத்த மணிகள் பச்சை-மஞ்சளாக ஒளிர்ந்தால் அது எச்சரிக்கை மட்டுமே. அவ்வாறு ஒளிர்வது நஞ்சல்ல, பங்கசு வளர்ந்ததால் உண்டான வேறொரு சேர்மம். நஞ்சைக் காட்டும் சோதனைப் பட்டி (test strip) சில நிமிடங்களில் விடை தரும், ஆனால் மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்: நஞ்சு ஒரு சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி என எடுத்துக் கலந்து, முழுவதையும் அரைத்த பின்னரே சோதிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. மீண்டும் காயவைத்தால் போதாதா?

மறுமொழி (கிளிநொச்சி):
ஈரப்பதனை 13 சதவீதத்துக்குக் குறைத்தால் புதிய நஞ்சு உண்டாவது நிற்கும். ஏற்கெனவே உள்ளது வெயிலிலும் அவியலிலும் முழுமையாக நீங்காது. சோதிக்கும் வரை கோழிக்கு வேண்டாம், தாராவுக்கு அறவே வேண்டாம்.