வெல்லம் தேடி வந்த கரடியும் 15 படிகளும்

கோத்தகிரியிலிருந்து:

பழைய வீட்டைப் பழுது பார்த்தவர்கள் அந்தக் கதையை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் வேலை தொடங்கியதே வீட்டுக்காக இல்லை, என் முழங்காலுக்காக. சாலையிலிருந்து வீட்டுக்கு 12 படி. ஒவ்வொன்றும் ஏழரை அங்குல உயரம். நாற்பது வருடம் அதில் ஓடி ஏறினவன், 66 வயதில் ஆறாவது படியில் நின்று எதிரே இருக்கும் தேயிலைத் தோட்டத்தை ரசிக்க ஆரம்பித்தேன். "தினமும் அதே தோட்டத்துல அப்படி என்னங்க தெரியுது?" என்று மனைவி கேட்ட அன்று, படியை மாற்றுவது என்று முடிவானது.

படி மட்டும்தான் திட்டம். பார்க்க வந்த இளம் இன்ஜினியர் படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டினார், முகம் சுளித்தார். "இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிடலாம் சார். வயசான கட்டடம், இதுல பணம் போடுறது வேஸ்ட்" என்றார். அப்போது அவர் பார்வை என் பக்கம் திரும்பியது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இடிப்பது இந்த மலையில் அவ்வளவு லேசான காரியமும் இல்லை. மண்ணை வெட்டினால் மேலே இருப்பவர் பயப்படுவார், கீழே இருப்பவர் சண்டைக்கு வருவார். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று பார்த்தவர்கள் நாங்கள். வெட்டாமல் கிடக்கும் சரிவைத் தொட எனக்கு மனமில்லை.

அப்புறம் வந்தவர்தான் மேஸ்திரி. வயது 72. கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். சுவரைத் தட்டவில்லை, உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார். "கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின ஒன்றரை அடிச் சுவரு. சுவருக்கு ஒண்ணுமில்ல. அடியில ஓதம் நிக்குது. இந்த சிமெண்ட் யாரு பூசினது?"

அப்பா பூசியது, 1984-ல். சுவரின் அடிப்பகுதி சுண்ணாம்பு உதிர்கிறது என்று மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசி, அதை ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து ஓதம் அந்த மூன்றடியைத் தாண்டி ஏறியதே தவிர இறங்கவில்லை. மேஸ்திரி விளக்கினார்: மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும், சிமெண்ட் அதற்கு வழிவிடாது, போக இடமில்லாத ஈரம் மேலே ஏறும். ஆக, 39 வருடமாக நாங்கள் மேலே மேலே பெயிண்ட் அடித்தது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய வேலை. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இந்தக் கணக்கு மட்டும் புரியாமல் போயிற்று.

"அப்போ இடிக்க வேண்டாமாண்ணே?"

"பக்கத்துல கன்னேரிமுக்குல, கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் துரை வீடு 1819-ல கட்டினது. பாழடைஞ்சு கிடந்ததையே சரிபண்ணி நிறுத்தியிருக்காங்க. உங்க வீடு அதுக்குப் பேத்தி முறை. இதையா இடிப்பீங்க?"

2023 பொங்கல் முடிந்ததும் வேலை ஆரம்பம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை இரண்டு மாதம் சும்மா காயவிட்டார். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "மேஸ்திரி ஓடிட்டாரா?" என்று கேட்டார்கள். பிறகு சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறவைத்து, சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கலவைக்கு ஊற்ற, கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீர். பின்கட்டில் ஒரு பெரிய டிரம்மில் அது புளித்துக்கொண்டிருந்தது. வாசனை கிட்டத்தட்ட கள்ளுக்கடை.

நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். பின்பக்கம் டிரம் உருளும் சத்தம். மனைவி கண்ணைத் திறக்காமலே, "பாத்ரூம் போறதா இருந்தா லைட்டைப் போட்டுட்டுப் போங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள். ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்திருப்பவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனால் அந்த நேரம் நான் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் விழிப்பு வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், கரடி. கோத்தகிரிக்காரர்களுக்கு இது செய்தியே இல்லை. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகளை எங்களுக்குத் தெரியும். இது டிரம்மைச் சாய்த்து, தலையைத் தோள் வரை உள்ளே விட்டு, நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. கடுக்காயைத் துப்பியது போலவும் தெரிந்தது, ஆனால் கண்ணாடி இல்லாமல் பார்த்ததால் அதற்கு நான் பொறுப்பில்லை. அரை மணி நேரம் கழித்து மணல் குவியல் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. காலையில் மேஸ்திரி காலி டிரம்மைப் பார்த்தார், காலடித் தடத்தைப் பார்த்தார். "வயித்துக்கு நல்லதுதான் சார், கடுக்காய்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெல்லத்துக்கு என்னைக் கடைக்கு அனுப்பினார்.

அப்புறம் குளியலறைக் கம்பி. கழிப்பறைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி வேண்டும் என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், இன்னும் நமக்கு அந்த வயது வரவில்லை என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி வாதாடினேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்து, "துண்டு போடும் கம்பி" என்ற பெயரில் மாட்டிக்கொள்ளலாம் என்று சமரசமானது. பைப் வேலைக்கு வந்த பையன், "துண்டுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய போல்ட்டு?" என்று கேட்டான். மேஸ்திரி தலையை நிமிர்த்தாமல், "ஈரத் துண்டு கனம் ஜாஸ்தி தம்பி" என்றார். இன்று வரை அதில் ஒரு துண்டும் தொங்கியதில்லை. என் கை பட்டுப் பட்டு ஒரு இடம் மட்டும் பளபளக்கிறது.

செப்டம்பரில், பெருமழைக்கு முன்னால் வேலை முடிந்தது. செலவைக் கேட்காதீர்கள், மனைவியிடமே முழுசாகச் சொல்லவில்லை. கடைசியாகத்தான் படி. உயரத்தை 6 அங்குலமாகக் குறைத்து, நடுவில் ஒரு திண்ணையும் வைத்தோம். மதுரையிலிருந்து வந்த தங்கை மகன் எண்ணிப் பார்த்துவிட்டு, "மாமா, ஏற முடியலைன்னு சொல்லி வேலை ஆரம்பிச்சீங்க. 12 படி இருந்தது இப்ப 15 ஆகியிருக்கு!" என்றான். 12 ஏழரை 90, 15 ஆறும் 90 என்று கரும்பலகை இல்லாமலே நடத்திக் காட்டினேன். கேட்க அவன் நிற்கவில்லை.

குன்னூரிலிருந்து:

சார், சிரித்து முடிக்க நேரமாயிற்று. எங்கள் கதை ஓட்டில். குரங்குகள் நகர்த்திய மங்களூர் ஓடுகளை இறக்கியபோது, அடிப்பக்கம் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருந்தது. அவ்வளவுதான், வீட்டுக்கு 150 வயதுக்கு மேல் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஓடு மாற்ற வந்தவர்களுக்கு அந்தப் பெருமையில் தினம் வடையும் போயிற்று. ஒரு நாள் மாமியார் கூப்பிட்டு, "ஏம்மா, இதை என் மாமனார் கட்டினது 1938-ல. அவருக்கு முன்னாடி இங்க கற்பூர மரம்தான் நின்னுச்சு" என்றார். விசாரித்தால், 1865 பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடமாம். எல்லா ஓட்டிலும் அதையே அச்சடித்திருக்கிறார்கள். மாமியாருக்கு வயது 86. "என் முதுகுலயும் பொறந்த வருஷத்தை அச்சடிச்சிருந்தா பேங்குல சான்றிதழ் கேட்க மாட்டாங்கல்ல" என்கிறார். நல்ல ஓடுகளைக் கழுவித் திரும்ப ஏற்றிவிட்டோம், உடைந்ததற்கு மட்டும் புதுசு. கைமரத்தில் இரண்டுதான் உளுத்திருந்தது.

கொடைக்கானலிலிருந்து:

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். புகை கண்ணுக்கு ஆகவில்லை என்று ஹாலில் இருந்த கணப்பை அடைத்து, புகைபோக்கிக்கு மேலே தகரமும் போட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. கம்பளிக் கோட்டில் பச்சை நிறத்தில் மீசை. அந்தப் புகைபோக்கிதான் இத்தனை நாளும் வீட்டுக்குள் காற்றை ஓட்டியிருக்கிறது. திரும்பத் திறந்துவிட்டேன். ஒரே மாற்றம், தரையோடு இருந்த அடுப்பை ஒன்றரை அடி மேடை கட்டி உயர்த்தியது. முன்பெல்லாம் குனிந்து தீ மூட்டிவிட்டு, நிமிர முடியாமல் அங்கேயே குளிர் காய்வேன். பேரன், தாத்தாவுக்கு நெருப்பு அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான்.

கோத்தகிரி சாரிடம் ஒரு கேள்வி. நானும் சுண்ணாம்புதான் பூசப் போகிறேன். எங்கள் பக்கம் கரடியைவிடக் காட்டெருமைத் தொல்லைதான் அதிகம், இருந்தாலும் வெல்லத் தண்ணீரை எப்படிப் பாதுகாத்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, இரண்டாவது டிரம்முக்குப் பலகை மூடி போட்டு, அதன் மேல் பழைய ஆட்டுக்கல்லை வைத்தோம். தூக்கி வைத்தது மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். கரடி வந்தது, மோந்து பார்த்தது, போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் லீவு. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமென்று நானும் மனைவியும் கல்லை நகர்த்தப் பார்த்தோம். நகரவில்லை. பக்கத்திலேயே இரண்டு நாற்காலி போட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை மேஸ்திரி வந்துதான் இறக்கினார்.