கொழும்பில பறவை பாக்கிற குறூப்புகளோட சேர்ந்து வேலை செய்யிறது எப்பிடி? தமிழாக்கள் யாரும் போறனீங்களோ?

வெள்ளவத்தை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் யாழ்ப்பாணம், இப்ப வேலையால வெள்ளவத்தையில இருக்கிறம். மகனுக்கு 14 வயசு, பின்னேரத்தில மொட்டைமாடியில நிண்டு கால்வாய்ப் பக்கம் வாற கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டிருப்பான், போன் நோண்டாம இதைச் செய்யிறானே எண்டு நானும் விட்டிட்டன், இப்ப எனக்கும் அந்தப் பைத்தியம் தொத்திட்டுது. கொழும்பில பறவைப் பாதுகாப்புக்கெண்டு குறூப்புகள் இருக்காம், தொண்டர்களா சேரலாமாம் எண்டு ஒபீசில ஒராள் சொன்னவ. எனக்குத் தெரிய வேண்டியது என்னெண்டால் அங்க போய் உண்மையில என்ன வேலை செய்யிறது? பெரிய லென்ஸ் கமெரா வச்சிருக்கிற ஆக்கள் மட்டும் போற இடமோ? எனக்குச் சிங்களம் கடையில சாமான் வாங்கிற அளவுக்குத்தான், இங்கிலீஷ் பரவாயில்ல. ஒரு பொம்பிளையும் ஒரு பெடியனும் தனியப் போய்ச் சேரலாமோ? ஞாயிறு மட்டும்தான் எனக்கு லீவு.

வக்கா:

அக்கா பயப்பிடாம போங்கோ, பெரிய லென்ஸ் காரர் எல்லா இடத்திலயும் இருப்பினம், ஆனா குறூப்புக்கு உழைக்கிறது அவையள் இல்ல.

முதல்ல எங்க சேரலாம் எண்டு சொல்லுறன். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில இயங்கிற ஃபீல்ட் ஓர்னிதொலொஜி குறூப், எஃப்ஓஜிஎஸ்எல் எண்டு சொல்லுவினம், 1976ல பேராசிரியர் சரத் கொட்டகம ஆக்கள் தொடங்கினது, பேர்ட்லைஃப் இன்டர்நெஷனல் எண்ட உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்புக்கு இலங்கையில பங்காளி அவைதான். விரிவுரை வைப்பினம், பறவை பாக்கவும் கூட்டிக்கொண்டு போவினம், மல்கொஹா எண்டு ஒரு செய்திமடலும் இருக்கு. இன்னொண்டு சிலோன் பேர்ட் கிளப், அது 1943ல இருந்து இருக்கு, ஜனவரி மாசத்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில நடத்திறது அவை. உங்கட மகனுக்கு எண்டால் நான் முதல் காட்டுறது தெஹிவளை மிருகக்காட்சிசாலையில கூடிற யங் ஸூலொஜிஸ்ட்ஸ் அசோசியேஷன், முழுக்க இளம் ஆக்கள் நடத்திறது, பறவை மட்டுமில்ல பாம்பு, வண்ணத்துப்பூச்சி, மீன் எல்லாத்துக்கும் பிரிவு பிரிவா இருக்கு, வெள்ளவத்தையில இருந்து கிட்டவும்.

இப்ப வேலை என்னெண்டு கேட்டீங்கள். எண்ணுறது. அவ்வளவுதான், கேக்கச் சப்பெண்டு இருக்கும். ஆனா அதுதான் மிச்ச எல்லாத்துக்கும் அத்திவாரம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ல இருந்து வருசா வருசம் ஜனவரியில நடக்குது, எங்கட பக்கம் குளிர்கால வலசைப் பறவையள் வந்து தங்கியிருக்கிற காலம் அது, ஒரு இடத்தை நிரப்பப் போறம், ரோட்டுப் போடப் போறம் எண்டு வரேக்க இஞ்ச இத்தினை பறவை தங்குது எண்டு எடுத்துக் காட்டுறதுக்கு அந்தக் கணக்குகளை விட்டா வேற ஒண்டும் இல்ல. சும்மா "இது அழகான இடம்" எண்டு கடிதம் எழுதினா ஒரு ஒபீசரும் திரும்பிப் பாக்க மாட்டார்.

எண்ணுறதுக்கும் ஒரு முறை இருக்கு. தலங்கம குளத்தில மரத்தாரா கூட்டமா இறங்கினா ஒவ்வொண்டா எண்ண ஏலாது, பறந்திடும். முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு எண்டு கண்ணில வச்சுக்கொண்டு, அந்த அளவால மிச்சக் கூட்டத்தை அளந்துகொண்டு போறது. புது ஆக்கள் கூடுதலா எண்ணி விடுவினம் எண்டு நினைப்பீங்கள், கூட்டம் பெரிசானா அனேகமா குறைச்சுத்தான் எண்ணுவினம். மகன் மொட்டைமாடியில எழுதிற கொப்பி இருக்கே, அதில திகதி, தொடங்கின நேரம், முடிச்ச நேரம், எத்தினை எண்டு சேர்த்து எழுதச் சொல்லுங்கோ. எழுதினதை ஈபேர்ட் எண்ட அப்பில போடலாம், காசில்ல. அதில "தெரிஞ்ச எல்லாப் பறவையையும் போட்டனான்" எண்டு ஒரு கேள்வி வரும், அதுக்கு ஓம் எண்டு குடுக்கோணும் எண்டால் காகத்தையும் மைனாவையும் விடப்படாது. கனபேர் அபூர்வமானதை மட்டும் போட்டிட்டு வாறவை, அதால ஒரு பிரயோசனமும் இல்ல, காகம் கூடுதோ குறையுதோ எண்டு பிறகு எங்கால பாக்கிறது.

பம்பலப்பிட்டிப் பெடியன்:

வக்கா அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனா சில குறூப்புகள் செய்யிறது வெறும் போட்டோ வேலை எண்டும் சொல்லோணும். எங்கட ஏரியாவில ஒரு அமைப்பு வந்து சிட்டுக்குருவிக் கூடு எண்டு பலகைப் பெட்டி எல்லாருக்கும் குடுத்தது, மேடை, மாலை, செல்ஃபி எல்லாம் நடந்தது. எங்கட ஃபிளட்டைச் சுத்தி சிட்டுக்குருவியே இல்ல! ஓட்டை என்ர கை போற அளவுக்கு. இப்ப அதுக்குள்ள அணில் குடும்பம் நடத்துது, வாடகையும் இல்ல.

வக்கா:

அதான் தம்பி, சிட்டுக்குருவிக்கு ஓட்டை 32 மில்லிமீட்டர் அளவு போதும், அதுக்கு மேல போனா மைனா தொடக்கம் எல்லாம் உள்ள போகும். அதோட குருவி ஏற்கனவே திரியிற இடத்தில கட்டினாத்தான் பிரயோசனம், ஓடு போட்ட பழைய கடை, அரிசி மூட்டை இறக்கிற இடம் அப்பிடி. கண்ணாடிச் சுவர் ஃபிளட்டில கட்டி என்ன செய்ய. அவையளிட்ட சேர முந்தி போன வருசம் கட்டின பெட்டியில எத்தினையில குருவி வந்தது எண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ, பதில் இருந்தா நல்ல குறூப்.

தெஹிவள நானா:

நான் பெல்லன்வில அத்திடிய பக்கம் சிரமதானத்துக்குப் போற ஆள், பறவை பேரு வக்கா தம்பி அளவுக்குத் தெரியா. அது 1990ல சரணாலயம்னு அறிவிச்ச எடம், 372 ஹெக்டயர், சுத்திவர வீடு. அங்க பெரிய தலையிடி குப்பை மட்டும் இல்ல, ஒரு மரம். சிங்களத்துல வெல் ஆத்தா என்டு சொல்ற, அன்னமுன்னாட சொந்தக்காரன் தான், வெளிநாட்டுல இருந்து ஒட்டுக் கன்டுக்கு அடிமரமா கொண்டு வந்தது சதுப்புல பரவி அப்பிடியே காடா போச்சு. புல்லும் தண்ணியும் திறந்து ஈந்தாத்தான் தாழைக்கோழியும் இலைக்கோழியும் நடமாடும், மரம் மூடிட்டா போயிடும். அத வெட்ட நம்மட இஷ்டத்துக்கு ஏலா, சரணாலயம் தானே, வனஜீவராசிகள் திணைக்களத்துட அனுமதியோடதான். ஆர்வத்துல கத்தி எடுத்துட்டு யாரும் போயிராதீங்க.

தொண்டர்கள் தாராளமா செய்யக்கூடிய வேலை தூண்டில் நூல் பொறுக்குற. கால்வாய்க் கரையில மீன் புடிக்கிற பொடியன்மார் அறுந்த தங்கூஸ் நூல விட்டுட்டுப் போற, கொக்குட காலுல சுத்தி, ரெக்கையில சுத்தி, மரத்துல தொங்கிச் செத்த நீர்க்காகத்தக் கண்டீக்கன், அதப் பாத்தா ராவைக்கு சோறு எறங்காது. ஒரு கையுறை, ஒரு கத்திரிக்கோல், ஒரு மூடி வெச்ச போத்தல், அதுக்குள்ள நூலப் போட்டு மூடினாத்தான் திரும்பப் பறந்து போகாது. பொம்பளப் புள்ளைகளும் வாராங்க தங்கச்சி, குடும்பமாவும் வாராங்க, மகனக் கூட்டிட்டு வாங்க.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

நீங்க மொழியைப் பத்திக் கேட்டீங்க இல்லையா, அதுக்கு யாருமே பதில் சொல்லலையே, நான் சொல்றேன். நான் போன கூட்டங்கள்ல கதை முக்காவாசி சிங்களம், பெயரெல்லாம் இங்கிலீஷ், தமிழ்ல ஒன்னும் இல்ல. சங்கடமாத்தான் இருக்கும், மறைக்க ஒன்னுமில்ல. ஆனா யாரும் வேணும்னு ஒதுக்கினதா எனக்குத் தெரியல, தமிழ்ல எழுதிக் குடுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான் விஷயம். நீங்க போய் அந்த வேலையைக் கையில எடுத்தீங்கன்னா உங்களை விடமாட்டாங்க. ஸ்கூல் நிகழ்ச்சின்னா சிங்கள ஸ்கூலுக்குப் போக நாலு பேர் இருக்காங்க, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் தமிழ் ஸ்கூலுக்கு வந்து பேச ஒருத்தர் தேடறதே பெரும்பாடு.

நான் என் கிளாஸ் பிள்ளைகளோட செய்யற ஒன்னு சொல்றேன், உங்க மகனுக்கும் பிடிக்கும். வெள்ளையா நிக்கிறதெல்லாம் ஒரே கொக்குன்னுதான் பிள்ளைகள் நினைக்கும். நாலு வகை இருக்கு. சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, விரல் மட்டும் மஞ்சள், சாக்ஸ் போட்ட மாதிரி. உண்ணிக்கொக்கு குட்டையா, கழுத்து தடிச்சு, மாட்டுப் பக்கமும் குப்பை மேட்டுலயும் திரியும், குஞ்சு பொரிக்கிற காலத்துல தலையும் நெஞ்சும் செம்மஞ்சளாகும். குழப்பறது பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்தான், அதுக்கு வாய்க் கோட்டை, அதாவது அலகு மூலையில இருந்து கண் பக்கம் போற கோட்டைப் பாக்கணும், பெரிசுக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்னுடும். பேர வாவிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன், பசங்க கோடு பாக்கறேன்னு கைப்பிடிச் சுவர்ல ஏறிட்டாங்க, எனக்கு உயிரே போச்சு. அங்க கூழைக்கடாவும் கிட்டவே பாக்கலாம், பாண் துண்டு போடற வேலை மட்டும் வேணாம், அது பறவைக்கும் நல்லதில்ல தண்ணிக்கும் நல்லதில்ல.

பம்பலப்பிட்டிப் பெடியன்:

டீச்சர் அப்ப அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறதும் பிழையோ? எங்கட அம்மம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

வாழையிலையில ஒரு பிடி வைக்கிறதால காகம் பெருகல தம்பி, மூடாத குப்பைத் தொட்டியாலதான் பெருகுது, பெருகினா மத்த பறவைங்க கூட்டுல முட்டையையும் குஞ்சையும் தூக்கிட்டுப் போகும். அம்மம்மாவை விட்டுடுங்க. குயிலுக்கும் முட்டை போட காகக் கூடு வேணுமே.

வெள்ளவத்தை_அம்மா:

எல்லாருக்கும் கன நன்றி, இவ்வளவு பதில் வரும் எண்டு நினைக்கேல்ல. டீச்சர், தமிழ்ல எழுதிற வேலை எண்டால் எனக்கு விருப்பம், அதை நான் கேட்டே போறன். மகன் கொக்கு விசயத்தை வாசிச்சிட்டு இப்பவே வெளிக்கிடுவம் எண்டு நிக்கிறான். இன்னொரு கேள்வி, போன ஒக்டோபரில பக்கத்து ஃபிளட் பல்கனிக் கண்ணாடியில ஒரு வடிவான பறவை வந்து மோதி விழுந்தது, பச்சை முதுகு, வயித்தில சிவப்பு, வால் கட்டை. அவை தண்ணியை வாயில ஊத்தினவை, கொஞ்ச நேரத்தில செத்துப்போச்சு. அப்பிடி வந்தா என்ன செய்யோணும்?

வக்கா:

அது ஆறுமணிக்குருவி அக்கா. இந்தியாவில இருந்து செப்டெம்பர், ஒக்டோபரில வந்து ஏப்ரல் மட்டில திரும்பிப் போறது, ராவிலதான் பறக்கும், கரை சேரேக்க களைச்சுப்போய் வரும், கொழும்பு வெளிச்சமும் கண்ணாடியும் அதுக்கு எமன். வாயில தண்ணி ஊத்தவே கூடாது, மூச்சுக்குழலுக்குள்ள போயிடும். சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒரு மட்டைப் பெட்டியில காத்துப் போக ஓட்டை போட்டு, அடியில துணி விரிச்சு, பறவையை வச்சு மூடி, இருட்டான சத்தமில்லாத இடத்தில விடுங்கோ. பூனையும் பிள்ளையளும் கிட்ட வரப்படாது, பத்து நிமிசத்துக்கு ஒருக்காத் திறந்து பாக்கவும் கூடாது. மோதின அதிர்ச்சி மட்டும் எண்டால் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில உள்ள அடிச்சுக்கொண்டு நிக்கும், மரம் செடி இருக்கிற இடத்தில கொண்டுபோய்த் திறந்து விடுங்கோ. இறக்கை தொங்கினா, இல்லாட்டி எழும்பவே இல்லையெண்டால் 1992க்கு அடியுங்கோ, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர இலக்கம். செத்துப்போனாலும் படம் எடுத்து, இடம் திகதியோட குறூப்புக்கு அனுப்புங்கோ, எந்தக் கட்டடத்தில எத்தினை மோதுது எண்டு ஆரும் எழுதி வைக்காட்டி அந்தக் கட்டடக்காரரிட்ட போய் என்னத்தைக் கதைக்கிறது.

உங்கட மகனுக்கு வீட்டில இருந்தே தொடங்க ஒரு நல்ல சந்தர்ப்பம் பெப்ரவரியில வரும், கிரேட் பாக்யார்ட் பேர்ட் கவுண்ட் எண்டு நாலு நாள் உலகம் முழுக்க நடக்கிறது, குறைஞ்சது 15 நிமிசம் ஒரு இடத்தில நிண்டு எண்ணினாக் காணும், மொட்டைமாடி தாராளம். மே மாசமும் ஒக்டோபரும் ரெண்டாவது சனிக்கிழமை வலசைப் பறவை நாள், அதுக்குப் பொதுவா எல்லாக் குறூப்பும் ஏதாவது செய்வினம், உங்களுக்கு சனி லீவு கிடைச்சா. கமெரா வாங்காதேங்கோ, காசிருந்தா 8க்கு 42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டுறது, முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) பைனோகுலர் ஒண்டு, பழசெண்டாலும் பரவாயில்ல, ரெண்டு பேருக்கும் ஒண்டு போதும். சண்டை பிடிப்பியள், அது வேற.

வெள்ளவத்தை_அம்மா:

நானா, வாற ஞாயிறு அத்திடியவுக்கு நாங்களும் வரலாமோ? எத்தினை மணிக்கு நிக்கோணும்?

தெஹிவள நானா:

வாங்க தங்கச்சி, காலைல ஆறரைக்கு. பஸ்ஸுல வாரதுன்டா பெல்லன்வில விகாரைக்குக் கிட்ட எறங்கி நில்லுங்க, நான் எங்கட வீட்டு ஆளையும் கூட்டிட்டு வாரன். முழுக்கை சட்டை, நுளம்பு எண்ணெய், சேறு பட்டாப் பரவால்லன்டு ஒரு பழைய சப்பாத்து. சிவப்பு, வெள்ளைச் சட்டை வாணாம். மழ பெஞ்சா நான் இதுலயே போடுறன்.