புதுப்பிப்பு: அம்மாவோட மூணாவது கீமோவுக்கு அப்புறம்

கீமோ முடிஞ்சதுலேர்ந்து அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட எறங்கலன்னு போன வாரம் எழுதியிருந்தேன்ல, இப்போ பரவால்ல. நர்ஸ் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணில உப்பும் ஆப்ப சோடாவும் கொஞ்சம் கலந்து அடிக்கடி கொப்பளிக்க வச்சோம், காரம் புளி சுத்தமா நிறுத்திட்டு ஆறுன பருப்பு சாதத்த நெய் விட்டு கொழைய பிசைஞ்சு குடுத்தேன், நேத்து அரைக் கிண்ணம் சாப்பிட்டாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வாந்தி வராம தடுக்கற ஒண்டான்செட்ரான் மாத்திரைய குமட்டல் வந்தப்புறம் குடுத்துட்டு இருந்தது என் தப்பு, இப்போ சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியே குடுத்துடறேன்.

செவ்வாய் ராத்திரி உடம்பு சுட்டுச்சு, 100.6 டிகிரி. காலைல பாக்கலாம்னு விடாம உடனே கூட்டிட்டு போனோம், வெள்ளணு ரொம்ப கொறஞ்சிருக்குன்னு ஆன்டிபயாடிக் ஏத்துனாங்க. கீமோல இருக்கவங்களுக்கு 100.4 வந்தாலே கெளம்பிடுங்க, தயவுசெஞ்சு.

தலகாணில முடி கொத்துக் கொத்தா கெடக்கு. அம்மா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நானே தொடச்சு எடுத்துடறேன்.