ஊருக்குப் போனா மீனுக்கு யாரு தீனி போடுறது? உங்க கதையும் சொல்லுங்க

முந்தின பொங்கலுக்கு நடந்தது இது. எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம், போகிக்கு முதல் நாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், திரும்பி சென்னை வர எட்டு நாள். வீட்ல இருக்கறது ரெண்டடி தொட்டி, 55 லிட்டர் கிட்ட புடிக்கும், ஆறு மோலி, நாலு ஏஞ்சல், அடியில மேயுற கோரி ரெண்டு. மேல் வீட்டு அக்காகிட்ட சாவியக் குடுத்து டப்பாவையும் குடுத்து "ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும்க்கா"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன். தப்பு அங்கதான். என் சிட்டிகை வேற அவங்க சிட்டிகை வேற, அது எட்டு பேருக்கு சாம்பார் வைக்கிற கை. போதாததுக்கு அவங்க பையன், மூணாவது படிக்கிறான், மீனெல்லாம் கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுறதப் பாத்துட்டு "அம்மா அதுக்கு பசிக்குதாம்"னு மத்தியானம் ஒரு தடவ, ஸ்கூல் லீவாச்சே, சாயங்காலம் ஒரு தடவ. மீனு எப்பவுமே அப்படித்தாங்க பண்ணும், அஞ்சு நிமிஷம் முன்னாடி தின்னிருந்தாலும் ஆள் நிழல் பட்டா ஓடி வரும். கோயில் குளத்துல பொரி போட்டுப் பழகுன ஊரு நம்மளது, சும்மா இருக்குமா கை.

வந்து கதவத் தொறந்தா வாடை. தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி, கீழ கல்லு மேல தீனி ஊறி பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. ஏஞ்சல் நாலும் போயிடுச்சு, மோலி மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. அமோனியா டெஸ்ட் மஞ்சளா வரணும், எனக்கு கரும்பச்சை. விஷயம் என்னன்னா மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகுனா அமோனியாதான், மீனுக்கு அது விஷம், அத நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல இருக்கு, ஆனா அது தினமும் வர்ற அளவுக்குத்தான் வளந்திருக்கும், திடீர்னு பத்து மடங்கு கொட்டுனா அது என்ன பண்ணும். அக்காவ ஒண்ணும் சொல்லவும் முடியல. "ஒரு வேளகூட பட்டினி போடலயேப்பா"ன்னு அழுதாங்க.

*

கோயம்புத்தூர்லருந்து. நான் ஆளே வேணாம்னு மெஷின் வாங்குனேன், தொட்டி மேல உக்காந்து நேரத்துக்கு ஒரு சுத்து சுத்தி தீனி கொட்டுமே அந்த டப்பா, ரெண்டு பென்சில் பேட்டரி. பத்து நாள் கேரளா. ஏர் ஸ்டோன் குமிழி விடுற இடத்துக்கு நேர் மேல வெச்சுட்டுப் போயிருக்கேன், ஈரம் ஏறி உள்ள இருந்த ஃப்ளேக்ஸ் பூரா அடை மாதிரி ஒட்டிக்கிச்சு. வந்து பாக்குறேன், மெஷின் கடமை தவறாம சுத்துது, ஒரு தூள் விழல. ரெண்டு நாளுக்கு மேல ஒண்ணுமே விழுந்திருக்காது. மீனு? பன்னெண்டு டெட்ராவும் இருக்கு! வயிறு கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு அவ்ளோதான். இப்ப ஃப்ளேக்ஸ் போடுறதில்ல, சின்ன பெல்லட்தான், கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடியே ஓட விட்டு எவ்ளோ விழுதுன்னு கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்.

தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தீனி விடும்னு கடையில விக்கிற வெள்ளைக் கட்டியும் ஒரு தடவ போட்டேன், ஃபைட்டர் மீன் இருந்த சின்ன பவுல்ல. தண்ணி கலங்குனதுதான் மிச்சம், அவன் அத மோந்துகூடப் பாக்கல.

*

மேல ரெண்டு பேரும் சொன்னது பெரிய மீனுக்கு சரி. வளந்த மீன் நல்லா தின்னு திடமா இருந்தா ஒரு வாரம் சும்மா கெடக்கும், குட்டிக்கு அந்தக் கணக்கு போடாதீங்க. நான் கப்பி வளக்குறேன், பொறந்த முதல் ரெண்டு மூணு வாரம் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ கொஞ்சம் கொஞ்சமா போடணும், விட்டா வளர்ச்சி நின்னுடும், பெருசு சிறுச தின்னுடவும் செய்யும். குட்டி இருக்கும்போது கல்யாணமே வந்தாலும் நான் ஒரு நாள்ல திரும்பிடுவேன், வீட்ல திட்டு விழும் அது வேற. வேற வழியில்லன்னா தொட்டி நெறைய ஜாவா மாஸ்ங்கிற தண்ணிப் பாசி போட்டு வைங்க, அதுல இருக்கற நுண்ணுயிர கொஞ்சம் பொறுக்கித் தின்னும்.

இன்னொன்னு. பெரியவங்களுக்கு மாத்திரை போட்டு வைக்கிற டப்பா இருக்கே, திங்கள் செவ்வாய்னு ஏழு அறை, அதுல ஒவ்வொரு நாள் தீனியும் நானே அளந்து போட்டுக் குடுத்துடுவேன். மீதி தீனி டப்பா பீரோ மேல, துணிக்குப் பின்னாடி. யாருக்கும் தெரியாது.

*

ஷார்ஜாலருந்து எழுதுறேன், எனக்கு தீனியால ஒண்ணும் ஆகல, ஏசியால ஆச்சு. ஜூலைல ஒரு மாச லீவு, ஃப்ரெண்டு ஒருத்தன் நாலு நாளைக்கு ஒரு தடவ ரூமுக்கு வந்து சரியா அளந்துதான் போட்டிருக்கான், நல்ல பையன், ஆனா கரண்ட் பில்ல மிச்சம் புடிக்கிறேன்னு போகும்போதெல்லாம் ஏசிய அணைச்சுட்டுப் போயிருக்கான். இங்க ஜூலைன்னா பூட்டுன ரூம் அடுப்பு. தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்ஸிஜன் நிக்காது, 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும்னா 30 டிகிரில ஏழரைதான், அதே நேரம் சூட்டுல மீனுக்கு மூச்சு ஜாஸ்தி தேவப்படும். கோல்ட் ஃபிஷ் மூணும் போச்சு. இப்ப ஏசி 27ல ஓடிட்டே இருக்கும், பில்லு வந்தா வரட்டும்.

*

முதல்ல எழுதுனவன்தான் திரும்ப வர்றேன். அப்புறம் ஆயுத பூஜை லீவுக்கு அஞ்சு நாள் போனோம், இந்தத் தடவ தீனியே கிடையாதுன்னு முடிவு. ரெண்டு நாள் முன்னாடி கால் பங்கு தண்ணி மாத்துனேன், குழாத் தண்ணி குளோரினப் போக்குற ஆன்டி குளோரின் மருந்து விட்டு. ஃபில்டர கழுவல, கிளம்புற நேரத்துல அதக் கழுவுனா இருக்கற பாக்டீரியாவும் போயிடும். லைட்டுக்கு டைமர், ஏழு மணி நேரம். கரண்ட் போனா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு. தீனி டப்பாவ பையில போட்டு ஊருக்கே எடுத்துட்டுப் போயிட்டேன், எங்கம்மா சிரிக்கிறாங்க.

அக்காவுக்கு ஒரே வேலைதான், குமிழி வருதான்னு பாத்துட்டு போன் பண்ணணும். தினமும் பண்ணுனாங்க. "வருதுப்பா. பாவம்ப்பா, என்னையே பாக்குது, ஒரே ஒரு சிட்டிகை?" "வேணாம்க்கா." அடுத்த நாளும் அதே. அஞ்சு நாளும் அதே.

வந்து பாத்தா தண்ணி கண்ணாடி மாதிரி, மோலி கோரி எல்லாம் இருக்கு, எண்ணிட்டேன். ஓரத்துல ஃபில்டர் பக்கமா ஒரே ஒரு பொரி ஊறி மிதந்துட்டு இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன், கேக்கல.