காட்டை வெட்டியதால் காய்ச்சல் வந்ததா, போனதா?

காப்பார்க்காரி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இங்கே மலேசியாவில் படிவம் நான்கு படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்குக் குடும்பக் கதை ஒன்றை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். சரி, உட்கார்ந்து பேசலாம் என்று ஆரம்பித்ததில் ஒரு வழக்கு முளைத்துவிட்டது.

அப்பாவைப் பெற்ற பாட்டி உலு சிலாங்கூர்ப் பக்கம், மலையடித் தோட்டத்தில் பிறந்தவர். சாகும்வரை ஒரே பேச்சுதான்: "காட்ட வெட்டுனானுங்க, மண்ணு வாயத் தொறந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு." புது மண்ணைக் கொத்தினால் கிளம்பும் ஆவிதான் குளிர்காய்ச்சல் என்று அவருடைய அம்மா சொன்னதை அப்படியே நம்பினார். பொழுது சாய்ந்தால் ஓடைப் பக்கம் எங்களைப் போக விடவே மாட்டார்.

அம்மாவைப் பெற்ற தாத்தா இங்கேயே காப்பாரில், கடலோரத் தோட்டம். அவர் தன் அப்பாவிடம் கேட்டதாகச் சொன்னது நேர் எதிர். காடும் சதுப்புமாக இருந்தவரைக்கும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாடை கட்டி மாளவில்லை, காட்டைத் திருத்திக் கான் (வடிகால்) வெட்டிய பிறகுதான் மனிதன் பிழைத்தான் என்பார்.

வீட்டுக்காரர், "ரெண்டு பெருசும் கதை விட்டிருக்கு, மலேரியா கொசுவால வருது, முடிஞ்சது" என்று சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு பேரும் கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்டுத்தானே சொன்னார்கள்? யார் சொன்னது சரி? அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர்களே மண் ஆவி என்றுதான் நம்பினார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகம், அது உண்மையா?

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியாது. பாட்டி வீட்டு வாசலில் செடிக்கு வரப்பாக சுட்ட மண் குழாய்கள் வரிசையாக நட்டு வைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளத்தில் மண்ணைத் தோண்டினால் வரும் என்பார். யாருக்காவது அது என்னவென்று தெரியுமா?

டிரசர் மகன்:

தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதும் சரி. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

எங்கப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவர், அதனால் இந்தக் கதை எனக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. மலேரியா பரப்புகிற கொசு ஒரே ஜாதி கிடையாது. கடலோரச் சதுப்புக் காட்டில் அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்று ஒன்று. அதற்கு நிழல் வேண்டும், மரத்தடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் வேண்டும். காட்டை அழித்துக் கான் வெட்டி வெயில் பட வைத்தால் போய்த் தொலையும். மலையடியில் இருப்பது அனோபிலிஸ் மாகுலேட்டஸ். அதற்கு வெயில் பட்ட, தெளிந்த, மெல்ல ஓடுகிற ஓடைத் தண்ணீர்தான் பிடிக்கும். காடு மூடிக் கிடந்தவரை ஓடையில் நிழல், கொசு குறைவு. மரத்தை வெட்டினார்கள், ஓடை வெயிலைப் பார்த்தது, லயத்தில் முக்கால்வாசிப் பேர் படுத்துவிட்டார்கள். தாத்தா ஊரில் நோயைப் போக்கிய அதே வேலை பாட்டி ஊரில் நோயைக் கொண்டுவந்து விட்டது.

இதைக் கண்டறிந்தவர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். அதே வருடம் செப்டம்பரில்தான் சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் திறந்தார்கள், இப்போதைய போர்ட் கிள்ளான். திறந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் துறைமுகத்தையே மூடுகிற நிலைமை. கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவை அறுத்துப் பார்த்து அதன் வயிற்றில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20, அதற்கு நாலே வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் அதை நம்பிக் கிள்ளானைச் சுற்றிச் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், இரண்டு மூன்று வருடத்தில் காய்ச்சல் மளமளவென்று இறங்கிவிட்டது. அப்புறம் அதே வைத்தியத்தை மலைத் தோட்டங்களில் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. திறந்த கான் வெட்டினால் மாகுலேட்டஸுக்கு அதுவே தொட்டில். அதனால் ஓடைப் பள்ளத்தில் மண்ணுக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைக் கண்ணுக்கே தெரியாமல் வடித்தார்கள். பதிக்க முடியாத இடத்தில் எண்ணெய். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வாரா வாரம் கானில் அடிப்பார்கள். கொசுப்புழு மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும், எண்ணெய்ப் படலம் மூடினால் செத்துப்போகும்.

உங்கள் பாட்டி வாசல் குழாய் அதுவாக இருக்கலாம். இரண்டு முனையும் ஒரே மாதிரி வெட்டினாற்போல, ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற கழுத்து இல்லாமல், மேலே பளபளப்புப் பூச்சும் இல்லாமல் இருந்ததா? வீட்டுச் சாக்கடைக் குழாய்க்குக் கழுத்து இருக்கும். இதை முனைக்கு முனை வைத்து வரிசையாகப் போடுவார்கள், இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

மண் ஆவி பற்றி: ஆமாம், டாக்டர்களே நம்பினார்கள். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று அர்த்தம். சதுப்பு நாற்றம், அழுகல், புதிதாகக் கிளறிய மண், இதிலிருந்து விஷக்காற்று கிளம்புகிறது என்பதுதான் நூற்றாண்டுக் கணக்கில் படித்தவர்கள் சொன்ன காரணம். பாட்டியை மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? மண்ணைக் கிளறினால் காய்ச்சல் வரும் என்று அவர் பார்த்தது நிஜம், நடுவில் இருந்த கொசு மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் மைல்:

அண்ணே சொல்வது சரி. ஆனால் கதையில் எப்போதும் டாக்டர் பேர் வருகிறது, கான் வெட்டியவன் பேர் வருவதில்லை. சதுப்பில் இடுப்பளவு நின்று வெட்டியது யார்? நம் ஆள். ரப்பர் விலை ஏறிய நேரம், ஆள் செத்தால் இன்னொரு கப்பல் ஆளை இறக்க வேண்டும், அதற்குக் குழாய் மலிவு, இந்தக் கணக்கும் அதில் இருந்தது. மகள் கட்டுரையில் இதையும் ஒரு வரி போடட்டும்.

எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் ஞாபகம் கொயினா, அதாவது மலேரியாவுக்குக் கொடுத்த குயினைன் மருந்து. விடிகாலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில்) வரிசையாக நிற்க வைத்து வாயில் ஊற்றுவார்களாம், முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். அத்தா சொல்வார், கசப்பு கூடப் பரவாயில்லை, நாள் முழுக்கக் காதுக்குள் வண்டு கத்துமாம். துப்பிவிட்டு ஓடிய கதைகளும் உண்டு, அதை யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள்.

பழைய பயாலஜி டீச்சர்:

நல்ல கேள்வி, பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அன்றைக்குப் பாடத்தையே தள்ளி வைத்திருப்பேன்.

எதனால் நோய் வருகிறது என்பதற்கு இரண்டு கட்சி எப்போதும் இருந்தது. ஒன்று காற்று, மண், இடம். இன்னொன்று ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது. இரண்டாவது கட்சியில் ஃப்ராகஸ்டோரோ என்ற இத்தாலி வைத்தியர் 1546லேயே நோய்க்கு விதை உண்டு, தொட்டாலும் துணிமணி வழியாகவும் தூரத்திலிருந்தும் ஒட்டும் என்று எழுதிவிட்டார். அதற்கும் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் ரோமில் வார்ரோ என்பவர், சதுப்பு ஓரம் வீடு கட்டாதே, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மூக்கு வாய் வழியாகப் புகுந்து நோய் தரும் என்று எழுதியிருக்கிறார். ஆனால் காட்டினால்தானே நம்புவார்கள். 1670களில் லேவன்ஹூக் லென்ஸ் வைத்து அந்தப் பூச்சிகளைப் பார்த்தே விட்டார், அப்போதும் நோயோடு முடிச்சுப் போட இருநூறு வருடம் ஆனது.

வாந்திபேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ வீடு வீடாகக் கேட்டுப் போய், செத்தவர்கள் எந்தக் குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கண்டுபிடித்து அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கிருமியை அவர் காட்டவில்லை, தண்ணீரைத்தான் காட்டினார். பெரிய டாக்டர்கள் நாற்றம்தான் காரணம் என்று அசையவில்லை, அவர் 1858இல் இறந்தும் போனார். ராபர்ட் கோக் கல்கத்தா வரை போய்க் காலராக் கிருமியை உறுதி செய்தது 1884. அப்போதும் மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற பெரியவர், கிருமி மட்டும் போதாது, மண்ணும் சேர வேண்டும் என்று சொல்லி, 1892இல் காலராக் கிருமியைக் குடித்தே காட்டினார். வயிறு கொஞ்சம் கலங்கியது, பிழைத்துக்கொண்டார், தன் கட்சி ஜெயித்ததாகவும் சொல்லிக்கொண்டார்!

அம்மை வேறு மாதிரி. அது அம்மாள் வந்திருக்கிறாள் என்றார்கள், வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே போகக்கூடாது. காரணம் என்னவென்று சொன்னாலும் செய்தது தனிமைப்படுத்தல்தான். ஆனால் இதற்காக நம் முன்னோர் எல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அம்மை குத்திக்கொள்ள மறுத்தவர்களும் அதே நம்பிக்கைக்காரர்கள்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கிருமி ஜெயித்தது, மற்றது தோற்றது என்று முடித்துவிடுகிறார்கள். கிருமி கண்டுபிடித்த ஜோரில் எல்லா நோய்க்கும் கிருமி தேடினார்கள். பெரிபெரி என்ற நோய், கால் மரத்து வீங்கி, இதயம் நின்று சாவார்கள். இந்த நாட்டுச் சுரங்கங்களில் சீனர்கள் அதில் கொத்துக் கொத்தாகப் போனார்கள். தொற்று என்றார்கள், கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது என்றார்கள். பிராடன் என்ற டாக்டர் மட்டும் ஒன்றைக் கவனித்தார்: தமிழர்களுக்கு அது வருவதே இல்லை. நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, அவர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, தீட்டித் தவிடெல்லாம் போன வெள்ளைப் பச்சரிசி.

1905இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஃப்ளெட்சர் இதைச் சோதித்தார். அரிசிக்குச் சம்பந்தமில்லை என்ற நினைப்போடுதான் ஆரம்பித்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பச்சரிசி, ஒரு பாதிக்குப் புழுங்கல். நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றி வைத்தார், நோய் கட்டடத்தில் இருந்தால் அங்கேயே தங்க வேண்டும் அல்லவா? தங்கவில்லை, பச்சரிசியின் பின்னாலேயே போனது. பச்சரிசிக் கூட்டத்தில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் பக்கம் பெரிபெரியில் ஒரு சாவு இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. (அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுத்தேன்.)

செம்பனை லாரி:

டீச்சர், பழைய காலத்துக்கே போக வேண்டாம், 1999ஐப் பாருங்கள். நான் அப்போது போர்ட்டிக்சன் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிக்கொண்டிருந்தேன். புக்கிட் பெலாண்டோக்கில் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் மயங்கிச் சாகிறார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுதான் காரணம் என்று சொல்லித் தெருத்தெருவாகப் புகை அடித்தார்கள், ஊசியும் போட்டார்கள். ஊசி போட்டவனும் செத்தான். எங்கள் கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிறவரே கேட்டார், கொசு சீனனை மட்டுமா பார்த்துக் கடிக்கும், பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களுக்கு ஏன் வரவில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டு பன்றியைத் தொடுகிற பெரியவர்களை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று. மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் மார்ச்சில் கண்டுபிடித்தது புது வைரஸ். சுங்கை நிப்பா கிராமத்துப் பெயரையே வைத்துவிட்டார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து ஆளுக்கு. நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் போய்விட்டார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். சாலையோரம் காலியான பண்ணைகளை லாரியிலிருந்து பார்த்துக்கொண்டே போவேன், அந்தச் சத்தமில்லாத தன்மை ஒரு மாதிரி இருக்கும்.

டிரசர் மகன்:

லாரி அண்ணன் கடைக்காரர் கேட்ட கேள்விதான் ஜான் ஸ்னோவும் கேட்டது. யாருக்கு வருகிறது, பக்கத்திலேயே இருந்தும் யாருக்கு வரவில்லை.

மூன்றாம் மைல், நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. எங்கப்பா கொயினா ஊற்றுகிற பக்கம் நின்றவர், உங்க அத்தா குடிக்கிற பக்கம்.

காப்பார்க்காரி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மாகுலேட்டஸ் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அப்பவும் கொசுதானே" என்கிறார், அவரை விடுங்கள்.

மகள் டிரசர் அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள், ஒரே தலைப்பில் இரண்டு தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதப் போகிறாளாம். கான் வெட்டியவர்கள் பற்றிய வரியும் உண்டு.

குழாய் விஷயம்: நேற்றுத் தம்பி வீட்டுக்குப் போனோம். பாட்டி செத்தபோது இரண்டு துண்டை அவன்தான் எடுத்து வைத்திருந்தான். ஒரு முழத்துக்கும் குறைவு, செங்கல் நிறம், கழுத்து இல்லை, பூச்சும் இல்லை. ஒன்றில் கற்றாழை வளர்த்திருக்கிறான், மண்ணைக் கொட்டாமல் எடுக்க முடியாது என்பதால் இன்னொன்றை மட்டும் பழைய துண்டில் சுற்றிக் காரில் கொண்டு வந்தோம். உள்பக்கம் இன்னும் ஓடை மண் ஒட்டியிருக்கிறது, மகள் அதைக் கழுவ வேண்டாம் என்கிறாள்.