ஏழு மணி ஆனால் குட்டிக்கு வெறி பிடிக்கிறது: ஓடவிடுவதா, தூங்கவைப்பதா?

பஞ்சுவால்:
வீட்டில் 14 வார நாய்க்குட்டி. பகலெல்லாம் சமர்த்தாக என் காலடியிலேயே கிடக்கும். மாலை ஏழு ஆனால் போதும், வாலை இடுக்கிக்கொண்டு சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கணுக்காலைக் கவ்வுகிறது. நேற்று என் மகளின் சட்டை நுனியில் தொங்கிக் கிழித்தே விட்டது, பாவம், அவள் அழுதுவிட்டாள். அரை மணி நேரம் பந்து வீசி ஓடவிட்டேன். அதற்கப்புறம் கடி இன்னும் அதிகம். என்ன செய்யலாம்?

ஓட்டக்காரன்:
அரை மணி நேரம் எந்த மூலைக்கு? குட்டிக்குத் தெம்பு தீர்ந்தால்தான் படுக்கும். நான் மூன்று நாய் வளர்த்தவன். மாலையில் ஒரு மணி நேர நடை, பிறகு பந்து. இரவு அசையாமல் தூங்கும்.

வாசல்மணி:
ஓட்டக்காரன் சார், இதை ஏற்க முடியவில்லை. ஓடவிட்ட பிறகு கடி கூடியது என்று அவரே எழுதியிருக்கிறாரே. தெம்பு மிஞ்சிய குட்டி ஓடினால் அடங்கும். தூக்கம் போதாத குட்டி ஓடினால் வெறி ஏறும். தூக்கக் கலக்கத்தில் கைக்குழந்தை சிணுங்கி, கொடுப்பதையெல்லாம் தட்டிவிடுமே, அதேதான். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத் தூக்கம்கூடத் தேவைப்படும். பஞ்சுவால், ஒரே ஒரு நாள் அது தூங்கும் நேரத்தைத் தாளில் குறித்துப் பாருங்கள்.

பஞ்சுவால்:
குறித்தேன். இரவையும் சேர்த்து 11 மணி நேரம்தான்! காலடியில் கிடந்ததைத் தூக்கம் என்று நினைத்திருக்கிறேன். கண் பாதி திறந்தேதான் இருக்கிறது. நான் எழுந்தால் அதுவும் எழுகிறது, அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வருகிறது. பிள்ளைகள் வந்த பிறகு நான்கு மணியிலிருந்து ஏழு வரை ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

ஓட்டக்காரன்:
சரி, 11 குறைவுதான். ஆனால் தூக்கம் தூக்கம் என்று சொல்லியே நாள் முழுக்கக் கூண்டில் அடைத்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குட்டி அப்படித்தான் வளர்ந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயோரம் புண். அதற்குத் தேவைப்பட்டது தூக்கமா? உயிருள்ள பிராணி சார், ஓடத்தான் செய்யும்.

வாசல்மணி:
அது கொடுமை, நானும் உங்கள் பக்கம்தான். ஓடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தைத் துரத்தி, வழுக்கி, சட்டென்று திரும்புவதைத்தான் மாலையில் வேண்டாம் என்கிறேன். எலும்பு நுனிகள் இன்னும் வளரும் வயது. பெரிய இனங்களுக்கு அவை இறுக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மாலையில் மூக்குக்கு வேலை கொடுங்கள். ஒரு பழைய துண்டை விரித்து, அன்றைய தீனியில் ஒரு பிடியை மடிப்பு மடிப்பாகத் தூவி, சுருட்டிப் போடுங்கள். முதலில் காலால் பிராண்டும், அப்புறம் மூக்கை நுழைத்து உறிஞ்சி உறிஞ்சித் தேடும். பத்து நிமிடத்தில் மூச்சு நிதானமாகி, பெரிதாக ஒரு கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியைத் தவறவிடாமல் படுக்கைக்குக் கொண்டுபோங்கள். நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும், ஈறு உறுத்தும். கடித்துக்கொண்டிருக்க ஏதாவது கைவசம் இருக்கட்டும்.

தூங்காவிளக்கு:
இடையில் ஒன்று. படுக்க வைத்ததும் அழுதால், இருட்டறையில் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அழுது அழுது தானாக அடங்கும் என்று எனக்குச் சொன்னார்கள். மூன்றாம் இரவு கதவைப் பிராண்டி நகத்தில் ரத்தம். அன்றே படுக்கையை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன், கையைத் தொங்கவிட்டதும் தூங்கிவிட்டது.

ஓட்டக்காரன்:
அப்படிப் பழக்கினால் ஆள் இல்லாமல் தூங்கவே தூங்காது.

தூங்காவிளக்கு:
தூங்குகிறது சார். வாரம் ஓர் அடியாகப் படுக்கையைத் தள்ளிக்கொண்டே போனேன், இப்போது கூடத்தில் தனியாகத்தான் படுக்கிறது. இன்னொன்று, இந்த வயதில் நடு இரவில் அழுவது சிறுநீருக்காகவும் இருக்கும். விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் வெளியே கொண்டுபோய் வாருங்கள்.

பஞ்சுவால்:
ஐந்து நாள் ஆயிற்று. ஐந்தரை மணிக்குத் தடுப்புக்குள் விட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் நாள் ஆறு நிமிடம் சிணுங்கியது, நான்கு சுற்றுச் சுற்றியது, பொத்தென்று விழுந்து ஏழு மணி வரை தூங்கியது. துண்டு விளையாட்டு அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்பது மணிக்கு மட்டும் இன்னும் பத்து நிமிடம் கூடத்தில் ஓடுகிறது.

ஓட்டக்காரன்:
அந்தப் பத்து நிமிடத்தில் கடிக்கிறதா?

பஞ்சுவால்:
இல்லை. பொம்மையை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. மகளும் கூடவே ஓடுகிறாள்.

ஓட்டக்காரன்:
அப்படியென்றால் ஓடட்டும், அதைத் தடுக்காதீர்கள். பந்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வீசாமல் தரையில் உருட்டிவிடுங்கள்.