வயலின் மதிப்பீடு: கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் வீட்டிலேயே கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் வர்ணம் என்ற உருப்படியை வாசிக்கும் பிள்ளைகளுக்கு மதிப்பீடு வைக்க வேண்டும். நானும் உடன் மதிப்பிடும் ஆசிரியையும் போடும் மதிப்பெண்கள் ஒத்துப்போவதே இல்லை.

போன தடவை ஒரு பையன் தோடி ராகத்தில் ஆதி தாள வர்ணம் வாசித்தான். இரண்டு காலத்திலும் தாளம் பிசகவில்லை, விரல் சுத்தம். ஆனால் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைக்கவே இல்லை. பியானோ கட்டையைத் தட்டியது போல நிறுத்திவிட்டான். காந்தாரம் அசையாவிட்டால் அது என்ன தோடி? நான் குறைத்தேன், அவர் அள்ளிப் போட்டார்.

மேற்கத்திய இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் 150 மதிப்பெண் முறையைப் பார்த்தோம் (மூன்று உருப்படிக்குத் தலா 30, தேர்ச்சிக்கு 100). கமகத்துக்கு அதில் தனி இடமில்லை; அது வேறு சங்கீதத்துக்கு எழுதியது. சரி என்று சுருதி, தாளம், வில், கமகம் எனத் தலா 25 பிரித்தோம். அப்புறம் ஒரே பிசகுக்குச் சுருதியிலும் கமகத்திலும் இரண்டு வெட்டு விழுந்தது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் போட்டால், வில்லின் கீச்சொலிதான் பெரிதாகக் கேட்கிறது.

வயலினோ வீணையோ சொல்லிக்கொடுப்பவர்களே, சுருதியையும் கமகத்தையும் சேர்த்து மதிப்பிடுகிறீர்களா, தனித்தனியாகவா?